கொடுவாவும் என் அமெரிக்கத் தூண்டிலும்

மாலையில் காலாப்பட்டு கடற்கரையில் நடக்கும்போது, கையில் பளபளக்கும் ராடு வைத்துக்கொண்டு நிற்கும் பையன்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பாதிப் பேர் யூனிவர்சிட்டி மாணவர்கள். மீதிப் பேர் சனி, ஞாயிறு கழிக்க ஈசிஆர் வழியாக வருகிறவர்கள். நானும் ஒரு பழைய ராடுடன் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கொடுவா பிடிக்க என்ன செட் வாங்கலாம்? எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்பார்கள்.

நான் பிராண்டு சொல்வதில்லை. "மீன் கடித்த பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று முதலில் சொல். அதற்குத் தக்கபடி சாமான் சொல்கிறேன்" என்பேன். கிழவன் ஏதோ தத்துவம் பேசுகிறான் என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். தத்துவம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பணமும் ஒரு நல்ல மீனும் இழந்து கற்றுக்கொண்ட பாடம். அதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுவாவுக்குத் தூண்டில் தேர்ந்தெடுக்கும்போது, "எதில் இழுத்தால் எனக்குத் திரில்?" என்று கேட்கக் கூடாது. "எது அறுந்து போகாது?" என்றுதான் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

சின்ன வயதில் எங்களுக்குச் சாமான் தேர்வு என்ற பிரச்சினையே கிடையாது. மூங்கில் கழி, தக்கை, நாலணா முள், பக்கத்து வாய்க்காலில் தோண்டிய மண்புழு. ஏரியில் கெண்டையும் கெளுத்தியும் வரும். கடலுக்கு என்றால் தங்கூசி நரம்பைக் கட்டையில் சுற்றி, ஈயக்குண்டைத் தலைக்கு மேல் நாலு சுற்று சுற்றி எறிய வேண்டும். நரம்பு அறுக்கும், விரல் ஒரு வாரம் எரியும்.

முதல் முதலில் நான் பார்த்த ரீல் ஒரு சொல்தா வீட்டில். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் சொல்தா தாத்தா பிரான்சிலிருந்து ஒரு மிட்செல் ரீல் கொண்டுவந்திருந்தார். அதைத் துணியில் சுற்றி, அலமாரியில் ரம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கைப்பிடியைச் சுற்றினால் கடிகாரம் போல ஓடும். தொட விடமாட்டார். அன்றைக்கே எனக்கு ரீல் ஆசை பிடித்துவிட்டது. ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் புரட்டி முடிக்கும்வரை அந்த ஆசை அப்படியே கிடந்தது.

ரிட்டயர் ஆன அடுத்த வருஷம் பெண்ணைப் பார்க்க டெக்சாஸ் போனோம். மாப்பிள்ளைக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம். டல்லாஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க் என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியுமாம். பாஸ் என்றால் பெருவாய் கொண்ட ஒரு நன்னீர் மீன். அங்கே அதற்கென்றே தனிப் படகு, தனி ராடு, போட்டி, பரிசு, டிவி நிகழ்ச்சி எல்லாம் உண்டு. மாப்பிள்ளையிடம் மட்டும் எட்டு ராடு இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. பாசிக்கு மேல் ரப்பர் தவளையை இழுக்க ஒன்று, அடியில் ரப்பர் புழுவை நகர்த்த ஒன்று, வேகமாகச் சுற்றி இழுக்கும் பிளாஸ்டிக் மீனுக்கு ஒன்று. நம் வீட்டில் தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு ஒரு கல் என்று வைத்திருப்பதுபோல.

மூன்று நாள் போனோம். நான் பிடித்ததில் பெரியது ஒன்றரை கிலோ இருக்கும். மெல்லிய நரம்பில் அது தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறியபோது, அறுபது வயதில் எனக்குப் பத்து வயதுப் பையனின் கை நடுக்கம் வந்தது. பொய் சொல்லப் போவதில்லை. அது பெரிய சந்தோஷம்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். அப்போது அதன் அருமை புரியவில்லை. அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீனைக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். சின்னதைச் சாப்பிடலாம். 24 அங்குலம் எட்டியது ஒரு நாளைக்கு ஒன்றுதான். நடுவில் உள்ளதை விட்டுவிட வேண்டும். மாப்பிள்ளை படகிலேயே அளவுகோல் வைத்திருந்தார். "இவ்வளவு செலவு பண்ணி வந்து திருப்பி விடறதா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை ஒரு முழு பாஸ் செட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஆறரை அடி மெல்லிய ராடு, சின்ன ரீல், 10 பவுண்டு நரம்பு, ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் மீன்கள். "மாமா, உங்க ஊர் கொடுவாவும் பாஸ்தானே? ஏசியன் சீ பாஸ். இதிலேயே பிடிக்கலாம்" என்றார்.

பெயரில்தான் ஏமாற்றம் ஆரம்பித்தது.

அமெரிக்க பாஸும் நம் கொடுவாவும் ஒரே குடும்பத்து மீன்கள் இல்லை. இங்கிலீஷ்காரன் கண்ணுக்குப் பெரிய வாயும் முள் துடுப்பும் இருந்தால் எல்லாம் பாஸ். அளவை மட்டும் பாருங்கள். உலகத்திலேயே தூண்டிலில் பிடிபட்ட பெரிய பெருவாய் பாஸ் பத்து கிலோவை ஒட்டியது. 1932ல் ஜார்ஜியாவில் ஒருவர் பிடித்தது. அந்தச் சாதனையைச் சமன் செய்ய 2009 வரை ஆனது. ஜப்பானில் பீவா ஏரியில் ஒருவர் பிடித்தார். கொடுவாவின் சாதனை 2010ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து நீர்த்தேக்கம் ஒன்றில் பிடிபட்டது. 44 கிலோவுக்கு மேல். அங்கே இதன் பெயர் பாரமுண்டி. அதே மீன்தான்.

உடம்பும் வேறு. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். மீன் கழுவித் தரும் அம்மாக்களைக் கேளுங்கள். கையை அறுத்துக்கொண்ட கதை எல்லோரிடமும் இருக்கும். அதன் விஞ்ஞானப் பெயர் லாடெஸ் கால்காரிஃபர். கால்காரிஃபர் என்றால் முள் தாங்கியது என்று பொருள். 1790ல் பெயர் வைத்த ஜெர்மானியர் பிளாக் அந்த முள்ளைக் கவனித்திருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை. வாய்க்குள் பெரிய பல் கிடையாது. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. மெல்லிய நரம்பைப் பத்து நிமிஷம் அதில் தேய்த்தால் போதும்.

இருக்கும் இடமும் வேறு. பாஸ் ஏரியின் பாசியில் கிடக்கும். கொடுவா முகத்துவாரத்தில், பாலத்துத் தூணடியில், சதுப்புச் செடிகளின் வேரில், கல் கொட்டிய இடத்தில் ஒளிந்து நிற்கும். மாட்டியதும் முதல் வேலையாக வந்த இடத்துக்கே திரும்பி ஓடும். தூண் முழுக்க சிப்பி ஒட்டியிருக்கும். சிப்பியின் விளிம்பும் பிளேடும் ஒன்றுதான்.

இத்தனையும் எனக்கு அப்போதும் ஓரளவு தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் புதுச் சாமான் கையில் இருந்தால் பழைய அறிவு வேலை செய்யாது.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றுக்குப் போனேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கொடுத்த டப்பாவிலிருந்து தங்க நிறத்தில் சிவப்பு வாய் வைத்த பிளாஸ்டிக் மீனைக் கட்டினேன். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு மும்முனை முள். ஆக மொத்தம் ஆறு முனை. ஐந்தாவது வீச்சோ ஆறாவது வீச்சோ, பாலத்து நிழல் ஓரத்தில் 'பொளக்' என்று ஒரு சத்தம். கொடுவா கடிக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ராடு பாதியாக வளைந்தது. ரீல் அழுதது. ஒரு முறை மேலே வந்து உதறியபோது பார்த்தேன். என் கை நீளத்துக்கு வெள்ளிப் பாளம். ஐந்து கிலோவுக்குக் குறையாது. நான் செய்ய ஒன்றுமே இல்லை. 10 பவுண்டு என்றால் நாலரை கிலோ இழுவைக்கு அறுந்துபோகும் நரம்பு. இறுக்கினால் அறும், விட்டால் தூணுக்குப் போகும். தூணுக்குப் போனது. அரை நிமிஷத்தில் நரம்பு காற்றில் ஆடியது.

அன்றிரவு மாப்பிள்ளைக்குப் போன் செய்து அந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொன்னேன். "தப்பிச்சது பெரிய மீன்" என்பது தூண்டில்காரனுக்கு ஒரு மெடல் மாதிரி. ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனபோது, ஆற்றில் வலை போடும் அண்ணன் ஒருவர் படகை ஓரம் கட்டினார். எனக்குப் பல வருஷப் பழக்கம். மடித்த கைலியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்.

"சார், இது உங்க சாமான்தானே?"

தங்க நிறம் பாதி உரிந்திருந்தது. சிவப்பு வாய் அப்படியே இருந்தது. முட்கள் துருப்பிடித்துக் கறுத்திருந்தன.

"எங்க அண்ணே கிடைச்சுது?"

"நேத்து வலையில ஒரு கொடுவா. வயித்து முள்ளு மேல் தாடையில, வால் முள்ளு கீழ்த் தாடையில. வாயைத் தொறக்கவே முடியல அதால. தலைதான் சார் கொடுவா, உடம்பு சவலைப்புள்ள. விலைக்கும் போவல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வாய்ப்பூட்டு போட்டு அனுப்பிட்டீங்க சார்" என்றார்.

திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்றைக்குத் தூண்டில் போடவில்லை. அந்த பிளாஸ்டிக் மீனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மீன் பிடிப்பது பாவம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்த உடம்பு. வலையில் பட்டுச் சாகும் மீனுக்கு நான் அழுததில்லை. ஆனால் ஐந்து வாரம் வாயைத் திறக்க முடியாமல் ஒரு மீன் ஆற்றில் திரிந்ததற்கு ஒரே காரணம், நான் என் திரிலுக்காக மெல்லிய நரம்பு கட்டியது. சோற்றுக்கும் ஆகவில்லை, சந்தைக்கும் ஆகவில்லை, ஆற்றுக்கும் ஆகவில்லை. கணக்குப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு இந்தக் கணக்கு நேராகவே இல்லை.

அதன் பிறகு என் செட்டை ஒவ்வொன்றாக மாற்றினேன். பையன்கள் கேட்பது இதைத்தான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

நரம்பு: ரீலில் 30 பவுண்டு பின்னல் நரம்பு. கடையில் பிரெய்டு என்று கேட்க வேண்டும். பழைய நைலானைவிட மிக மெல்லியது. அதனால் சின்ன ரீலிலும் 150 மீட்டர் கொள்ளும். ரப்பர் மாதிரி நீளாது. மீனைத் தூணிலிருந்து திருப்ப அந்த விறைப்பு வேண்டும். ஆனால் இதற்கு ஒரு பலவீனம். சிப்பியிலும் கல்லிலும் உரசினால் சட்டென்று அறும். எனவே முனையில் ஒன்றரை மீட்டருக்கு 50 பவுண்டு கெட்டி நைலான் கட்டுகிறேன். லீடர் என்பது இதுதான். செவுள் கத்தியையும் உப்புத்தாள் வாயையும் தாங்குவது இது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல் பட்டால் அடுத்த மீன் போய்விடும்.

ராடு: ஏழு அடி, மீடியம் ஹெவி என்று எழுதியிருக்கும். பாலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் இது போதும். காலாப்பட்டு மாதிரித் திறந்த கடற்கரையில் அலையைத் தாண்டி எறிய ஒன்பது, பத்து அடி வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்த கொடுவாவில் பெரும்பாலானவை முகத்துவாரத்தில் வந்தவை. இங்கே மணல் கரையில் கிழங்கானும் பாறைக் குஞ்சும்தான் அதிகம்.

ரீல்: 4000 சைஸ். விலையைவிட முக்கியம் அதன் பிரேக். டிராக் என்பார்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை வைக்க வேண்டும். 30 பவுண்டு என்றால் மூன்றரை கிலோ, நாலு கிலோ. நான் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்து அளந்துதான் வைக்கிறேன். என் மனைவி, "இன்னும் ஆடிட் முடியலையா?" என்பாள்.

முள்: இதுதான் முக்கியம். மும்முனை முள் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் மீன் வாங்கினால் அதிலுள்ள மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முதல் சில நாள் மீன் தவறும். பழகிவிடும். உயிர் இரைக்கு சர்க்கிள் ஹூக் என்று ஒன்று உண்டு. நுனி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். மீன் விழுங்கினாலும் இழுக்கும்போது வழுக்கி வந்து பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும். கடித்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது; நரம்பு இறுகும்வரை பொறுத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் போகாது. நரம்பு அறுந்தாலும் முள்ளை உதறித் துப்ப மீனுக்கு ஒரு வழி இருக்கும்.

இரை: மடவைக் குஞ்சு, இல்லையென்றால் உயிர் இறால். இதைவிடச் சிறந்த இரை எந்த டப்பாவிலும் இல்லை.

இனி முறை. அமெரிக்காவிலிருந்து வந்தது எல்லாமே வீண் என்று சொன்னால் அது அநியாயம். ரப்பர் புழுவுக்குள் ஒற்றை முள்ளின் நுனியைப் புதைத்துக் கட்டும் முறை ஒன்று உண்டு. டெக்சாஸ் ரிக் என்பார்கள். வேரிலும் பாசியிலும் சிக்காது. அதே முறையில் மடவை மாதிரி ஒரு ரப்பர் மீனைக் கட்டி வேர் ஓரத்தில் போட்டால் கொடுவா வருகிறது. அங்கே கற்ற இன்னொரு விஷயம் மெதுவாக இழுப்பது. நம் ஆட்கள் மில்லில் நூல் சுற்றுவதுபோல் சுற்றுகிறார்கள். கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை. ஒளிந்திருந்து கவ்வும் மீன். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். நிறுத்தும்போதுதான் 'பொளக்'.

மற்றதை ஆறு சொல்லும். தண்ணீர் இறங்கும் நேரம் பாருங்கள். வாய்க்காலிலும் சதுப்பிலும் ஏறியிருந்த தண்ணீர் திரும்பும்போது சின்ன மீனும் இறாலும் அதோடு வந்தாக வேண்டும். வாய்க்கால் ஆற்றில் சேரும் மூலையில் கொடுவா வாசலில் நிற்கும் கடன்காரன் மாதிரி நிற்கும். இருட்டிய பிறகு பாலத்து விளக்கு வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டில், நிழல் பக்கத்தில் நிற்கும். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய ராடைவிட, இந்த இரண்டு இடமும் இந்த ஒரு நேரமும் பெரிது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரக்காணம் பக்கம் கழுவேலி 2021லிருந்து பறவைகள் சரணாலயம். தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

சரி, இவ்வளவு கெட்டி நரம்பு கட்டினால் அது விளையாட்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய நரம்பில் பெரிய மீன் பிடிப்பதுதான் திறமை, மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். திறந்த நீரில், தூணும் கல்லும் இல்லாத ஏரியில், ஒன்றரை கிலோ பாஸுக்கு அது சரிதான். நானே அனுபவித்தேன். சிப்பித் தூணுக்குப் பக்கத்தில் அது மீனுக்குக் கொடுக்கும் வாய்ப்பு இல்லை. அங்கே அறுந்துபோன மீன் தப்பித்த மீன் இல்லை. பல சமயம் பூட்டுப் போட்ட மீன். இன்னொன்றும் உண்டு. மெல்லிய நரம்பில் அரை மணி நேரம் இழுத்த மீன் களைத்துச் செத்தே போகலாம். கெட்டி நரம்பில் ஐந்து நிமிஷத்தில் கைக்கு வந்தால், விடுவதானால் உயிரோடு விடலாம்.

விடுவது என்றதும் அடுத்த சண்டை வருகிறது. கொடுவா பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பிறந்து பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. ஒன்றரை, இரண்டு கிலோவில் பெரும்பாலும் ஆண். நாலு கிலோ தாண்டியதில் பெரும்பாலும் பெண். ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். இன்று பண்ணைகளில் கொடுவா வளர்க்கிறோம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ல் இந்தியாவில் முதல் முறையாக இதைச் செயற்கைச் சூழலில் குஞ்சு பொரிக்க வைத்தது. ஆனால் ஆற்றுக்கு யாரும் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விடுவதில்லை. அங்கே உள்ள கிழவிகள்தான் செய்ய வேண்டும். குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுத்துப்போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். லேக் ஃபோர்க்கில் மாப்பிள்ளை வைத்திருந்த அளவுகோலின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதை அந்த அண்ணனிடம் ஒரு நாள் சொன்னேன். பெரிதை விட்டுவிட வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"விடுறதுக்கு ஏன் சார் புடிக்கணும்? பசி இல்லாதவன் சோத்துல கை வெச்சு வெளையாடுற மாதிரி."

எனக்கு இன்றுவரை இதற்கு முழுப் பதில் இல்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு ஆறு கிலோ கொடுவா என்றால் ஒரு மாதத்து வட்டி. அவரிடம் போய், "அண்ணே, அது தாய் மீன், விட்டுடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாதம் முதல் தேதி எனக்கு பென்ஷன் வருகிறது. அவருக்கு ஆறு கொடுத்தால்தான் உண்டு.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி, பென்ஷன்காரன் விதி. பிழைப்புக்குப் பிடிக்கிறவர்களுக்கு இல்லை. என்னைப் போலப் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களுக்கு. வீட்டுக்கு ஒரு மீன், ஒன்றரையிலிருந்து மூன்று கிலோவுக்குள். அது கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது. அடுத்ததைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு விளையாடுவதில்லை. அண்ணன் சொன்னதில் நான் எடுத்துக்கொண்ட பாதி இது. குஞ்சோ கிழவியோ தற்செயலாக வந்தால், தண்ணீரை விட்டுத் தூக்காமல் முள்ளை எடுத்துவிட்டு, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை பிடித்திருந்து அனுப்புவது. மாப்பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்ட பாதி அது. செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி போட்டோ எடுப்பது இரண்டிலும் சேராது.

கடைசியாக ஒன்று. அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். நைலான் மக்காது. ஜனவரியிலிருந்து பங்குனி வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நாய்க்கும் ஆளுக்கும் தப்பி வருகிற ஆமையின் காலில் நம் நரம்பு சுற்ற வேண்டாம். நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பையில் வைத்திருக்கிறேன். துண்டு நரம்பெல்லாம் அதற்குள். பாட்டில் நிறைய ஆறு மாதம் ஆகும். அதில் பாதி என்னுடையது, பாதி பொறுக்கியது.

அந்தத் தங்க நிற பிளாஸ்டிக் மீன் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. முட்களைக் கழற்றவில்லை. போன மாதம் ஒரு யூனிவர்சிட்டிப் பையன் வீட்டுக்கு வந்தான். புது செட்டைக் காட்ட வந்தவன், அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் அங்கிள் இது இவ்வளவு துருவா இருக்கு?" என்று கேட்டான். கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு தன் டப்பாவைத் திறந்து, "உங்ககிட்ட குறடு இருக்கா அங்கிள்?" என்றான்.